வெள்ளிக்கிழமை வேணாமே, டாக்டர்

சென்ற மாதம் நம் கால்நடை மருத்துவர் கூட்டத்தில் ஓர் இளம் டாக்டர் எழுந்து பேசும்போது ‘வெள்ளிக்கிழமை கேஸ்’ என்றார். அரங்கமே சிரித்தது. நோய் முற்றிய நாயை இனி வதைக்க வேண்டாம், கடைசி ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்று பேசி முடித்த பிறகு, மேஜையருகே வந்து ‘இன்னிக்கு வெள்ளிக்கிழமை, வேணாமே டாக்டர்’ என்று பின்வாங்கும் குடும்பங்களுக்கு நம் தொழிலில் நாம் வைத்திருக்கும் கேலிப்பெயர் அது. என் பக்கத்தில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே, “உங்க காலத்துலயும் இருந்துதா மேடம்?” என்று கேட்டாள். இருந்தது என்று மட்டும் சொல்லி வைத்தேன். மீதியை எழுதித்தான் சொல்ல முடியும். பேசினால் குரல் உயர்ந்துவிடும்.

முதலில் ஒன்று. நான் நாள் பார்க்கிறவள் இல்லை. இரும்புலியூரில் கிளினிக் திறந்ததே ராகு காலத்தில்தான். என் மாமியார் அது முடிகிறவரை ஆட்டோவை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு வந்து கேசரி சாப்பிட்டார். அன்று முதல் ஓய்வு பெற்றது வரை அந்தக் கிளினிக் நன்றாகத்தான் ஓடியது. ஆகவே மூடநம்பிக்கைக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கிறாள் கிழவி என்று யாரும் முணுமுணுக்க வேண்டாம். நான் வக்காலத்து வாங்குவது வேறொன்றுக்கு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அரசு கால்நடை மருந்தகத்தில் இருந்தேன். அங்கே எனக்கு மேலே இருந்தவர் பேச்சில் மகா சிக்கனம். ஆண்கள் மாட்டைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். “நேத்துலேர்ந்து தீனி எடுக்கல சார்” என்பார்கள். மாட்டைத் தொடுவதற்கு முன்பே அவர் கேட்பார்: “தண்ணி காட்டறது யாரு?” “வீட்லதான் சார்.” “அப்ப அவங்களக் கூட்டிட்டு வா.” வந்தவர்கள் முறைப்பார்கள், சிலர் வேறு ஆள் பார்த்துப் போவார்கள். அவர் அசைய மாட்டார். மாட்டை விற்பதா, வைத்தியம் பார்ப்பதா, அடிமாட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு சொல்லும் வாய் ஒன்று, தினமும் அதன் முன்னால் குனியும் முதுகு இன்னொன்று. வாயோடு மட்டும் பேசிவிட்டு வைத்தியம் செய்யாதே என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அவர் என்னிடம் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியது அன்று ஒருநாள்தான்.

நாய் வைத்தியத்துக்கு வந்த பிறகு அந்தக் கேள்வியை நான் ‘இதுக்கு யார் சோறு வைக்கிறது?’ என்று மாற்றிக்கொண்டேன். தாம்பரத்துப் பக்கம் கேட்க வேண்டிய கேள்வி அது. நாயைத் தூக்கி வருபவர் ஒருவர், நோயைச் சொல்பவர் இன்னொருவர், போனில் முடிவு சொல்பவர் மூன்றாமவர். சோறு வைப்பவர் செருப்பு விடுகிற இடத்திலேயே நின்றுகொண்டிருப்பார். போனைத் தூக்கிப் பிடிப்பவரை நாயின் சொந்தக்காரர் என்று நினைத்துவிடுவதுதான் உங்களில் பாதிப்பேர் செய்கிற பிழை. படித்த படிப்பெல்லாம் அந்த ஒரு இடத்தில் கவிழ்ந்துவிடுகிறது.

இனி பப்லுவின் கதை.

பப்லு செம்பட்டை நிற நாட்டு நாய். வெள்ளம் வந்த வருஷம், முடிச்சூர்ப் பக்கம் மிதந்துகொண்டிருந்த ஒரு பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து குட்டியாக எடுத்து வரப்பட்டவன். எடுத்து வந்தது அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த கார்த்திக். படிப்பு முடிந்து சிறுசேரியில் வேலை கிடைத்ததும் கார்த்திக் அங்கேயே நண்பர்களோடு அறை எடுத்துக்கொண்டான். நாய் அம்மாவிடம் தங்கியது. நம் வீடுகளில் வழக்கமாக நடப்பதுதான். அம்மா வசந்தா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வகுப்பில் அவர் திரும்பிப் பார்த்தால் போதும், மூச்சுச் சத்தம் கேட்காது என்று அவரிடம் படித்த பிள்ளைகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வீட்டில் நேர் எதிர். அங்கே பேசுவது கணவர் நடராஜன். நல்ல மனிதர்தான், ஆனால் வாழ்நாள் முழுக்க ஆபீஸில் கோப்புகளை முடித்து வைத்தவர். எதையும் முடித்து வைத்தால்தான் அவருக்கு இருப்புக்கொள்ளும்.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில் பப்லுவைத் தூக்கி வந்தார்கள். உண்ணிக் காய்ச்சல், முற்றிய நிலை. மூக்கில் ரத்தம் ஒழுகியது. ஈறு சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. தலையைத் தூக்கப் பார்த்து முடியாமல் மேஜையிலேயே கன்னத்தை வைத்துக்கொண்டான். என்னிடம் புதிதாகச் சேர்ந்திருந்த இளம் டாக்டர் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, பிழைக்கும் வாய்ப்பு குறைவு என்று நடராஜன் நீட்டிய போனிடம் விளக்கிக்கொண்டிருந்தார். ஆம், போனிடம்தான். திரையில் கார்த்திக், கழுத்தில் அடையாள அட்டையோடு ஏதோ மாடிப்படியில் நின்றிருந்தான்.

“டாக்டர், அவன் இப்படிக் கஷ்டப்படறத என்னால பாக்க முடியல,” என்றான். “ப்ளீஸ், அனுப்பிடுங்க.”

“வீட்ல பேசி முடிவு பண்ணிட்டோம்,” என்றார் நடராஜன். “இழுத்துட்டு இருக்க வேணாம்.”

இளம் டாக்டர் என்னைப் பார்த்தார். மருந்து அலமாரியின் சாவி என்னிடம்தான் இருக்கும்.

“இதுக்கு யார் சோறு வைக்கிறது?” என்று கேட்டேன்.

நடராஜனுக்குக் கேள்வி பிடிக்கவில்லை. “அதுக்கும் இதுக்கும் என்ன மேடம் சம்பந்தம்? வசந்தாதான் வைப்பா.”

“அப்ப அவங்க சொல்லட்டும்.”

வசந்தா வாசலை விட்டு நகரவில்லை. புடவைத் தலைப்பில் ரத்தக்கறை இருந்தது. வரும் வழியெல்லாம் நாயின் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்திருக்க வேண்டும். கணவரைப் பார்த்தார், போனைப் பார்த்தார். “அவங்க சொல்றபடி செய்ங்க டாக்டர்,” என்றார். பிறகு, யாரும் எதிர்பாராமல், “ஆனா இன்னிக்கு வெள்ளிக்கிழமை. வேணாமே, டாக்டர்,” என்றார்.

போனுக்குள்ளிருந்து கார்த்திக், “அம்மா, நாய்க்கு என்னம்மா வெள்ளி, செவ்வாய்?” என்றான். என் இளம் டாக்டரும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

எனக்கு வந்தது கோபம். வீட்டிலும் வெளியிலும் உழைக்கிற, சம்பாதிக்கிற, படித்த, வகுப்பறையை ஆட்டிப் படைக்கிற ஒரு பெண்ணுக்குத் தான் வளர்த்த நாயைக் கொல்லாதீர்கள் என்று சொல்ல வாயில்லை. ‘எனக்கு இஷ்டமில்லை’ என்றால் அந்த வீட்டில் எடுபடாது. ‘வெள்ளிக்கிழமை’ என்றால் எடுபடும். கையில் கிடைத்த ஒரே கட்டையை எடுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார். அதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம்.

ஆனால் கோபத்தில் வைத்தியம் செய்யக்கூடாது. பப்லுவைத் திரும்ப ஒருமுறை முழுவதும் தடவிப் பார்த்தேன். எங்கே அழுத்தினாலும் முனகவில்லை. வலி இல்லை; ரத்தம்தான் இல்லை. வால் ஒருமுறை மேஜையில் தட்டியது, அதுவும் வசந்தா இருந்த பக்கம் பார்த்து. எனக்கு அது போதும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் நீங்கள் என்னைத் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள். வேறொரு முறை சேலையூரிலிருந்து ஒருவர் எலும்புப் புற்று முற்றிய அல்சேஷனை வைத்துக்கொண்டு இதே வெள்ளிக்கிழமையைச் சொன்னார். அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். சோறு வைத்தவர் அவரேதான். அந்த நாய் காற்றுப் பட்டாலே அலறியது. “சார், உங்களுக்குத்தான் காலண்டர் இருக்கு, அதுக்கு வலி மட்டும்தான் இருக்கு,” என்று சொல்லி, அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்து, அன்றைக்கே முடித்தேன். அவர் என்னை மன்னித்தாரா என்று தெரியாது. வலியோடு நாயை வைத்துக்கொண்டு நாள் பார்க்க நான் யாரையும் விட்டதில்லை. பப்லு அப்படி இல்லை, அவ்வளவுதான்.

நடராஜனிடம் திரும்பினேன். “இன்னிக்கு ஊசி போட மாட்டேன் சார். வேணும்னா வேற கிளினிக்குக் கொண்டு போங்க, தடுக்கல. இங்க இருந்தா, மருந்து ஏத்துவேன், ரத்தம் ஏத்துவேன். வெள்ளிக்கிழமை முடியற வரைக்கும் சும்மா உக்காந்திருக்க எனக்குத் தெரியாது.”

“டாக்டர், நீங்க எங்களுக்கு வீணா நம்பிக்கை குடுக்கறீங்க,” என்றது போன்.

“நம்பிக்கையே குடுக்கல தம்பி. பிழைக்கும்னு ஒரு வார்த்தை சொன்னேனா? இன்னிக்குச் சாகடிக்க மாட்டேன்னுதான் சொன்னேன்.”

நடராஜன் வாசலைப் பார்த்தார். வசந்தா அங்கே இல்லை. மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று பப்லுவின் காதைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் நாயைத் தூக்கிக்கொண்டு போக நடராஜனுக்குத் துணிவு வரவில்லை.

ரத்தத்துக்கு நல்ல திடமான நாய் வேண்டும். கீழ்க்கட்டளையில் மீன் விற்கும் தனத்துக்குப் போன் செய்தேன். அவள் வளர்க்கும் ராக்கி, மீன் தலையைத் தின்று தின்று கன்றுக்குட்டி சைஸுக்கு வளர்ந்தவன். “இன்னா டாக்டரம்மா, ரத்தம்தான வோணும்? எடுத்துக்க. துன்னுட்டுத் தூங்கினுதான் கீது, இட்டாந்துடறேன்,” என்றாள். ஆட்டோவில் ராக்கியோடு வந்து இறங்கியவள், பப்லுவைப் பார்த்ததும், “அய்ய, இன்னாடா இது, துவச்சுப்போட்ட துணி மாரி கீறியே,” என்று சொல்லிவிட்டு, ராக்கியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ரத்தம் எடுத்து முடிகிறவரை ராக்கியைத் திட்டிக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பயம் வந்தால் திட்டுதான் வரும்.

சனிக்கிழமை காலை பப்லு உயிரோடு இருந்தான். அதைத் தாண்டிச் சொல்ல ஒன்றுமில்லை. நடராஜன் மறுபடி ஆரம்பித்தார். வசந்தா தரையைப் பார்த்தபடி, “சனிப்பொணம் தனியாப் போகாதும்பாங்க,” என்றார். நடராஜன் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். பிறகு அவராகவே, “சரி, அவசரம் ஒண்ணுமில்ல,” என்றார். நான் சலைன் பாட்டிலைச் சரிசெய்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கார்த்திக் நேரிலேயே வந்துவிட்டான். இன்று முடித்துவிடுவது என்ற தீர்மானம் முகத்தில் இருந்தது. வசந்தா சொன்னார்: “இன்னிக்கு உன் நட்சத்திரம்டா.” அவன் பப்லுவின் கூண்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தான். பிறகு என்னிடம், “நான்தான் டாக்டர் இவனைத் தண்ணியிலேர்ந்து தூக்கினேன். நான் ஒண்ணும் மோசமானவன் இல்ல. சாகறதப் பாக்க முடியல, அதான் சீக்கிரம் முடிஞ்சா தேவலைன்னு...” என்றான். அவன் மேல் இருந்த கோபம் எனக்கு அங்கே போய்விட்டது. முடித்துவிடுங்கள் என்கிற மகனும் வேண்டாமே என்கிற அம்மாவும் ஒரே பயத்தில்தான் இருந்தார்கள். அவனுக்குப் பேசக் கிடைத்தது ஒரு பாஷை, அவளுக்குக் கிடைத்தது வேறு. அவன் பாஷை நம் பாடப்புத்தகத்தின் பாஷையோடு ஒத்துப்போகிறது என்பதற்காக அவன் சொன்னதை மட்டும் முடிவு என்று எடுத்துக்கொண்டு, அவள் சொன்னதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கினோமே, அதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறேன்.

திங்கட்கிழமைக்கு வசந்தாவிடம் காரணம் ஏதும் கைவசம் இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் குழையப் பிசைந்த தயிர்சாதம் மட்டும் கொண்டு வந்திருந்தார். கூண்டுக்குள் கையை நீட்டினார். பப்லு முகர்ந்தான். ஒரு பருக்கையை நக்கினான். பிறகு விரலிடுக்கில் இருந்ததை, பிறகு கிண்ணத்தில் இருந்ததை. நடராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “எதுக்கும் இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம் டாக்டர்,” என்றார், ஆரம்பத்திலிருந்தே அதைத்தான் சொல்லி வந்தவர் மாதிரி.

பப்லு பிழைத்தான். பிழைத்ததால் நான் செய்தது சரி என்று எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். என் இளம் டாக்டர் அன்று அதைத்தான் கேட்டார்: “செத்திருந்தா என்ன மேடம் பண்ணியிருப்பீங்க?” செத்திருந்தால் அடக்கம் செய்திருப்போம். அப்போதும் நான் செய்தது சரிதான். நாயின் உயிர் நம் கையில் இல்லை. எத்தனையோ பப்லுக்கள் எல்லா மருந்தும் ஏற்றியும் போயிருக்கின்றன. நம் கையில் இருந்தது ஒன்றே ஒன்று. அந்தப் பெண் சம்மதிக்காமல், சம்மதித்ததுபோல் தலையாட்ட வைத்து, அந்த நாயை அவர் கண் முன்னால் முடித்துவிடாமல் இருப்பது. அதை நான் செய்தேன். ‘நடுநிலையாக இருங்கள், வழிகளைச் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுங்கள்’ என்று உங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். ஓர் அறையில் நாலு பேர் இருந்து மூன்று பேருக்குத்தான் வாய் இருக்கிறது என்றால், அங்கே ஒதுங்கி நிற்பதற்குப் பெயர் நடுநிலை இல்லை. இதற்காக என்னை அடாவடிக்காரி என்று சொன்னவர்கள் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும்.

சில வருஷங்கள் ஓடின. பப்லுவுக்கு முகம் நரைத்தது. நான் கிளினிக்கை ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெறப் போகிற சமயம், அவனுக்குச் சிறுநீரகம் போயிற்று. கார்த்திக் இந்த முறை விடுவதாக இல்லை. நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரியைப் பார்த்து வைத்தான், டயாலிசிஸ் என்றான், தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தான். நடராஜனும் அவனோடு சேர்ந்துகொண்டார். பப்லு அதற்குள் அவருடைய காலடியில்தான் தூங்குகிற நாயாகியிருந்தான். இரண்டு பேரும் மாறி மாறி எனக்குப் போன் செய்வார்கள். டயாலிசிஸால் கொஞ்ச நாள் கிடைக்கலாம், நல்ல நாளாக இருக்குமா என்று சொல்ல முடியாது என்றேன். உண்மை அதுதான். வசந்தா மட்டும் போன் செய்யவில்லை.

அவர் நேரில் வந்தார். தனியாக, ஆட்டோவில், மடியில் பழைய போர்வையில் சுற்றிய பப்லுவோடு. நானும் இளம் டாக்டரும் அப்போதுதான் கிளினிக்கைத் திறந்திருந்தோம். வசந்தா இந்த முறை வாசலில் நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து, மேஜை மேல் பப்லுவைத் தாமே கிடத்தினார்.

“நேத்து தயிர்சாதத்தைக் கையில வெச்சுக் குடுத்தேன்,” என்றார். “நக்கினான் டாக்டர். பசியில இல்ல. நான் குடுக்கறேனேன்னு நக்கினான். அப்புறம் ராத்திரி பூரா வாந்தி. எனக்காக இவன் இனிமே சாப்பிட வேணாம்.”

நான் பப்லுவின் ஈறைத் தொட்டுப் பார்த்தேன்.

“இன்னிக்கே பண்ணிடுங்க.”

இளம் டாக்டர் தயங்கித் தயங்கி, “சார்கிட்டயும் கார்த்திக்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு...” என்றார். கேட்டதில் தப்பில்லை, முன்பு வசந்தாவையும் கேட்காமல் முடியாது என்று சொன்னவள் நான்தானே. வசந்தா தலையாட்டிவிட்டு, போனை எடுத்துக் கணவரிடம் சுருக்கமாகப் பேசினார். அந்தப் பக்கம் நடராஜன் அழுவது எனக்கே கேட்டது. பிறகு வீடியோ காலில் கார்த்திக்கைக் கூப்பிட்டு, ஒன்றும் பேசாமல், போனைப் பப்லுவின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். பப்லுவுக்கு அவன் குரல் தெரிந்தது. காது ஒருமுறை அசைந்தது. தலை எழவில்லை.

கார்த்திக் பார்த்துக்கொண்டே இருந்தான். ஆஸ்பத்திரி, டயாலிசிஸ், நாளைக்கு வாங்கியிருக்கும் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்து நிற்பது முகத்தில் தெரிந்தது. கடைசியில் அவன் வாயிலிருந்து வந்தது வேறு.

“அம்மா... இன்னிக்கு வெள்ளிக்கிழமைம்மா.”

அறையில் யாரும் சிரிக்கவில்லை. சிறுசேரியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பையன், நாய்க்கு என்ன வெள்ளி செவ்வாய் என்று கேட்டவன், அன்றைக்கு அந்த ஒரு கட்டையைத்தான் அவனும் எடுத்து முட்டுக் கொடுத்தான். என் இளம் டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“தெரியும்டா,” என்றார் வசந்தா. “காலையில விளக்கேத்திட்டுத்தான் கூட்டிட்டு வந்தேன்.”

பிறகு என்னைப் பார்த்தார். நான் அலமாரியைத் திறந்தேன்.